அப்பாவின் டட்சனுக்குப் பந்தயக் கால்கள்

டாமியா காருக்கு ஸ்டீயரிங் கிடையாது. ரிமோட்டும் கிடையாது. இரண்டு பேட்டரியைப் போட்டு, சுவிட்சைத் தட்டி, தடத்தில் இறக்கிவிட்டால் அது பாட்டுக்கு ஓடும். நான்கு மூலைகளிலும் இருக்கும் சின்ன உருளைகள் தடத்தின் சுவரை உரசிக்கொண்டே வளைவுகளில் வண்டியைத் திருப்பிவிடும். கையில் இருக்கும்வரைதான் நம் ஆட்சி. இறக்கிவிட்ட பிறகு நின்று பார்க்க மட்டும்தான் முடியும்.

வானொலியில் வேலை செய்பவளுக்கு இது பழகிய சங்கதிதான். நேரலையில் வாயைவிட்டுப் போன சொல்லை யாரும் திரும்பக் கூப்பிட முடியாது. அதனால்தானோ என்னவோ, முப்பது வயதைத் தாண்டி, வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் மூச்சு விடக்கூட நேரமில்லாத காலத்தில், இந்த விளையாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. நான் செய்தது வழக்கமான பந்தயக் கார் இல்லை. எங்கள் அப்பா ஓட்டிய பழைய டட்சன் பிக்கப்பின் சின்ன உருவத்தைப் பந்தய அடிச்சட்டத்தின் மேல் உட்கார வைத்தேன்.

கடையில் இதைச் சொன்னபோது பையன்கள் சிரித்தார்கள். “அக்கா, பிக்கப்ல போய் ரேஸா?”

சிரிக்க ஒன்றுமில்லை. வரலாறு நம் பக்கம் இருக்கிறது.

முதலில் வந்தது பிக்கப்தான்

நாம் பொத்தாம்பொதுவாக ‘டாமியா’ என்று சொல்லும் கார்களின் முழுப்பெயர் மினி ஃபோர் டபிள்யூ டி. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1982இல் இதை அறிமுகப்படுத்தியது. அந்த நிறுவனமே 1946இல் மர வியாபாரமாகத் தொடங்கியது என்பது இன்னொரு சுவாரசியம். உண்மையான வண்டியில் 32இல் ஒரு பங்கு அளவு, ஒரு குட்டி மோட்டார், இரண்டு ஏஏ பேட்டரி, நான்கு சக்கரத்துக்கும் இழுவை. முதலில் வெளிவந்த இரண்டு மாதிரிகள் என்ன தெரியுமா? ஃபோர்டு ரேஞ்சர், செவ்ரோலெ பிக்கப். இரண்டுமே சுமை வண்டிகள்!

மேடு பள்ளத்தில் மெதுவாக ஏறி இறங்கும் பொம்மைகளாகத்தான் அவை இருந்தன. 1986இல் பந்தய வகை வந்தது. 1988இல் ஜப்பான் கோப்பைப் போட்டி தொடங்கியது. 1996இல் ‘லெட்ஸ் அண்ட் கோ’ கார்ட்டூன் ஒளிபரப்பாகத் தொடங்கிய பிறகு, நம் ஊர்ப் பிள்ளைகள் கையிலும் டாமியா வந்துவிட்டது. பள்ளி விட்டதும் சாக்கடை ஓரச் சிமெண்டு வாய்க்காலைத் தடமாக்கி ஓடவிட்ட தலைமுறை எங்களுடையது. காருக்குப் பின்னாலேயே நாங்களும் ஓடுவோம்.

சுமை வண்டிக்குப் பந்தயக் கால் கட்டும் ஆசை உலகம் முழுவதும் இருக்கிறது. 1968இல் வந்த முதல் ஹாட் வீல்ஸ் வரிசைப் 16 கார்களில் ‘கஸ்டம் ஃப்ளீட்சைட்’ என்ற பிக்கப்பும் ஒன்று. அமெரிக்காவின் நாஸ்கார் அமைப்பு 1995 முதல் பிக்கப்புகளுக்கென்றே தனிப் பந்தயத் தொடர் நடத்துகிறது. பக்கத்திலேயே சொல்வதானால், பினாங்கு பிறையில் உள்ள ஆலையிலிருந்துதான் உலகக் குழந்தைகள் பலரின் கைக்கு ஹாட் வீல்ஸ் போகிறது. வீட்டில் கிடக்கும் ஒரு காரைத் திருப்பி அடியைப் பாருங்கள். ‘மலேசியா’ என்ற பெயர் பொறித்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது

ஜொகூரில் 2014 தொடங்கி 2024 முடிய வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. என் அண்ணன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். அவருக்கு ஓய்வு சனியும் ஞாயிறும். அவர் மகனுக்கு ஞாயிறு பள்ளி. பாலத்தைக் கடந்து பிழைக்கும் எத்தனையோ ஜொகூர்க் குடும்பங்களைப்போல, ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவர்களுக்கு ஒன்றாகக் கிடைத்தது சனிக்கிழமை மட்டும்தான். 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து சனி, ஞாயிறு விடுமுறை திரும்பி வந்தது. எங்கள் வீட்டு உணவு மேசைக்கு ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று கிடைத்தது.

அந்த மேசையில் நான்கு பேர். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் அண்ணன் மகன், அண்ணன், நான், அப்பா.

அப்பா குளுவாங் பக்கத்துத் தோட்டங்களுக்கு மளிகைச் சாமான் ஏற்றிப்போய்க் கொடுத்தவர். அரிசி, பருப்பு, மாவு, கருவாடு, தீபாவளி வந்தால் துணிமணி. பாலோ, ரெங்கம், லாயாங் லாயாங் என்று செம்மண் பாதைகளில் அவருடைய டட்சன் 620 போகாத இடமில்லை. 1972 முதல் 1979 வரை தயாரான மாதிரி அது. நம் நாட்டில் டட்சன் கார்களை 1957 முதல் விற்றுவந்தது தான் சோங் நிறுவனம். 1976இல் செகாம்புட்டில் அதன் பொருத்தும் ஆலையும் வந்தது. அந்தக் காலத்தில் கம்பத்திலும் தோட்டத்திலும் டட்சன் தெரியாதவர் கிடையாது. 1981இல் நிசான், டட்சன் என்ற பெயரைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக அறிவித்தது. பெயர் போனது, வண்டிகள் மட்டும் இன்னும் இருபது வருஷம் ஓடிக்கொண்டிருந்தன.

தோட்டங்களிலிருந்து சனம் பட்டணத்துக்கு நகர்ந்தது. வாங்க ஆளில்லாமல் வியாபாரம் ஓய்ந்தது. டட்சன் இரும்புக்கடைக்குப் போனது. வீட்டில் மிஞ்சியது ஒரே ஒரு புகைப்படம். என் காதுகுத்து அன்று எடுத்தது. அத்தைமார்களுக்குப் பின்னால் வண்டியின் பாதி முகம் மட்டும் தெரியும்.

இப்போது அப்பாவுக்குக் கண் அழுத்த நோய். கிளாக்கோமா என்று மருத்துவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் பக்கப் பார்வையில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவை நோக்கி மூடிக்கொண்டு வரும். சொட்டு மருந்தாலும் சிகிச்சையாலும் வேகத்தைக் குறைக்கலாம். போன பார்வை திரும்பாது. வண்டி ஓட்டுவதை நிறுத்திய நாளிலிருந்து அவர் பேச்சும் குறைந்துவிட்டது. காலையில் என் நிகழ்ச்சியைக் கேட்பார். “இன்னிக்கு ரொம்ப வேகமா பேசினே” என்பார். அவ்வளவுதான்.

அந்தப் பாதி முகத்தை முழு வண்டியாக்க வேண்டும் என்றால், மீதிப் பாதி அப்பாவிடம்தான் இருந்தது. அவர் கண்ணில் வெளிச்சம் இருக்கும்போதே அதை வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு இருந்த அவசரம் அதுதான். பந்தயம் பிறகு வந்தது.

அடிச்சட்டமும் தவளையும்

பந்தய அடிச்சட்டங்கள் பல உண்டு. நான் எடுத்தது எம்ஏ. 2013இல் வந்தது. இதில் மோட்டார் நடுவில் படுத்திருக்கும். அதன் அச்சு முன்னும் பின்னும் நீண்டு இரண்டு பக்கச் சக்கரங்களையும் நேராகச் சுழற்றும். பேட்டரிகள் வலமும் இடமுமாக இருக்கும். மோட்டார் பின்னால் இருக்கும் வகையை எடுத்திருந்தால் பிக்கப்பின் சுமைத்தட்டு முழுவதையும் மோட்டாரே பிடித்துக்கொள்ளும். தட்டு காலியாக இருக்க வேண்டும் என்பது எனக்கு முக்கியம். சாமான் ஏற்றாத பிக்கப் என்ன பிக்கப்?

கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஓர் ஆச்சரியம். அசல் 620இன் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே இரண்டரை மீட்டருக்குச் சற்று மேல். அதை 32ஆல் வகுத்தால் 80 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வருகிறது. எம்ஏ அடிச்சட்டத்தின் சக்கர இடைவெளியும் 80 மில்லிமீட்டர்தான். அளவெடுத்துத் தைத்த மாதிரி நீளம் பொருந்திவிட்டது.

அகலம்தான் சண்டை போட்டது. அசல் வண்டி 32இல் ஒரு பங்கானால் ஐம்பது மில்லிமீட்டர்தான் அகலம். பக்கத்துக்கு ஒரு பேட்டரி வைத்த அடிச்சட்டமோ அதைவிடத் தடிமன். உருளைகளையும் சேர்த்தால் போட்டி விதிப்படி 105 மில்லிமீட்டர்வரை போகலாம். முதல் மாதிரியை அட்டையில் வெட்டி ஒட்டி அப்பா கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தார்.

“இது நம்ம வண்டி இல்லம்மா. தவளை.”

மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான். “தாத்தா, தவளைன்னா நல்லா குதிக்கும்!”

வழி ஒன்று கிடைத்தது. ஓட்டுநர் அறையை அசல் அளவிலேயே ஒல்லியாக வைத்து, சக்கர வளைவுகளை மட்டும் வெளியே புடைக்கவிட்டோம். பந்தயத்துக்காக மாற்றிய வண்டிகளில் அப்படிப் புடைத்திருப்பது வழக்கம்தான். அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, சூடான தண்ணீரில் இளக்கி வளைத்து, மெல்லிய பசையால் ஒட்டினோம். கத்தி பிடிக்கும் வேலை அண்ணனுக்கு. தேய்ப்புத் தாள் போடுவது மருமகனுக்கு. பரிசோதகர் அப்பா.

அவர் பரிசோதித்தது விரலால். வண்டியின் பக்கவாட்டில் முன்னிருந்து பின்வரை ஒரு மடிப்புக் கோடு ஓடும். புகைப்படத்தில் அது தெரியவில்லை. அப்பா கட்டைவிரலை வைத்துக் காட்டினார். “இங்க ஆரம்பிக்கும். கதவுப் பிடிக்குக் கீழ போகும். தினமும் துணியால துடைச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?” அரை மில்லிமீட்டர் கம்பியை ஒட்டித் தேய்த்து அந்தக் கோட்டைக் கொண்டுவந்தோம். நான்காவது முறை தடவிவிட்டுத் தலையாட்டினார்.

சுமைத்தட்டின் வெளிப்புறத்தில் கயிறு கட்டும் கொக்கிகள் உண்டு. “அது வேண்டாம் தாத்தா, வெயிட் ஏறும்” என்றான் பேரன். “கொக்கி இல்லாம மூட்டையை எதுல கட்டுவே?” என்றார் தாத்தா. தாள் செருகும் கம்பியிலிருந்து எட்டுக் கொக்கிகள் பிறந்தன. ஒரு கிராம்கூட ஏறவில்லை.

வண்ணம் அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஜொகூர் மழைக்காலத்தில் ஸ்ப்ரே அடித்தால், காற்றின் ஈரம் வண்ணத்தில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். மழை விட்டு வெயில் ஏறிய காலைப் பொழுதாகப் பாருங்கள். வாசலில் காற்றோட்டமான இடத்தில், முகக்கவசம் போட்டுக்கொண்டு அடியுங்கள். பிளாஸ்டிக் தகட்டுக்கு முதலில் அடிப்பூச்சு வேண்டும். ஒரே தடவையில் கனமாக அடிக்காமல் மூன்று நான்கு மெல்லிய பூச்சாக அடித்தால்தான் மடிப்புக் கோடுகள் மூழ்காது. எங்கள் டட்சன் வெளிர்நீலம். எந்த நீலம் என்பதில் மட்டும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

வெறும் வண்டி குதிக்கும்

பந்தயத் தடம் என்றால் வெறும் வட்டம் இல்லை. மூன்று வழித்தடம், ஒவ்வொன்றும் 115 மில்லிமீட்டர் அகலம், ஐந்து சென்டிமீட்டர் சுவர். இடையில் மேடு ஏறி இறங்கும். வேகமாக வரும் வண்டி மேட்டிலிருந்து பறந்து விழும்போது ஒருமுறை துள்ளினால் போதும். சுவரைத் தாண்டி வெளியே போய்விடும். வெளியே போனால் ஆட்டம் முடிந்தது. அதனால் இந்த விளையாட்டில் பாதிச் சாமர்த்தியம் மோட்டாரில் இருக்கிறது. மீதி, விழும் வண்டியைத் துள்ளாமல் உட்கார வைப்பதில்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. வண்டியை மேசைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து விட வேண்டும். ‘தட்’ என்று ஒரே சத்தத்தில் உட்கார்ந்தால் நல்லது. எங்கள் டட்சன் ‘தட், தட், தட்’ என்று மூன்று முறை பேசியது. பின்பக்கம் துள்ளியது. நான் இழுவைச் சக்தி கூடிய மோட்டாரைப் போடலாமா, பல்சக்கர விகிதத்தை மாற்றலாமா என்று அண்ணனோடு விவாதித்துக்கொண்டிருந்தேன்.

சாய்வு நாற்காலியில் இருந்த அப்பா, பார்க்காமலே கேட்டார். “பின்னாடிதானே குதிக்குது?”

“ஆமாம்பா.”

“பிக்கப்னா அப்படித்தான். சுமை தாங்கணும்னு பின்னால பட்டை வில்லைக் கெட்டியா வெச்சிருப்பான். வெறும் வண்டியா போனா செம்மண் ரோட்டுல பின்பக்கம் ஆடும், திருப்பத்துல வழுக்கும். ரெண்டு மூட்டை அரிசி போட்டுட்டா பூனை மாதிரி போகும். சரக்கு எல்லாம் இறக்கிட்டுத் திரும்பும்போதுகூட ஒரு மூட்டை மண்ணைப் போட்டுக்கிட்டுத்தான் வருவேன்.”

இதைச் சொல்லி முடிக்க அவர் எடுத்துக்கொண்டது ஒரு நிமிஷம்கூட இருக்காது. பல மாதங்களில் அவர் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அது.

டாமியா பந்தயக்காரர்களும் இதையே வேறு பெயரில் செய்கிறார்கள். ‘மாஸ் டாம்பர்’ என்பார்கள். செங்குத்தான கம்பியில் மேலும் கீழும் நழுவும் சின்ன எடை. வண்டி விழுந்து மேலே துள்ள முயலும் கணத்தில், சற்றுப் பிந்தி விழும் அந்த எடை வண்டியைக் கீழே அழுத்திவிடும். துள்ளலின் சக்தியை அது வாங்கிக்கொள்கிறது. வழக்கமாக இதை வண்டிக்கு வெளியே, பக்கத்தில் தொங்கவிடுவார்கள். நாங்கள் சுமைத்தட்டுக்குள் வைத்தோம். எடையின் மேல் துணியைச் சுற்றி, நூலால் கட்டி, இரண்டு அரிசி மூட்டை ஆக்கினோம்.

எடைக் கணக்கும் பார்த்துக்கொண்டோம். மோட்டார், பேட்டரியோடு சேர்த்து 90 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. அல்கலைன் பேட்டரி இரண்டுமே ஏறத்தாழ 46 கிராம் வந்துவிடும். அதற்கு மேல் கூட்டும் ஒவ்வொரு கிராமும் வேகத்தைத் தின்னும். மூட்டையைக் கூட்டிக் குறைத்து, கூட்டிக் குறைத்து, மேசையில் போட்டுக்கொண்டே இருந்தோம். நான் வானொலி ஹெட்ஃபோனைக்கூட மாட்டிப் பார்த்தேன். அப்பாவுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. ஏழாவது முறையோ எட்டாவது முறையோ, ‘தட்’.

“ம். இப்ப சரக்கு ஏறிடுச்சு” என்றார்.

தடத்தில்

நாமே செய்த உடலை டாமியாவின் அதிகாரபூர்வப் போட்டியில் ஓட்ட முடியாது. அங்கே அவர்களுடைய மினி ஃபோர் டபிள்யூ டி உதிரிகள்தான் செல்லும். ஆனால் கடைகள் நடத்தும் உள்ளூர்ப் போட்டிகளில் கொஞ்சம் தாராளம். ஜொகூர் பாருவில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் பெயர் கொடுத்தோம். மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள், அவர்களை அழைத்து வந்த சாக்கில் தங்கள் பெட்டியையும் தூக்கி வந்த அப்பாக்கள், வேலை முடித்து நேராக வந்த பொறியாளர்கள் என்று கலவையான கூட்டம். யாருக்கு உருளை கழன்றாலும் பக்கத்தில் இருப்பவர் தன் பெட்டியைத் திறந்து ஒன்று கொடுத்துவிடுகிறார். அடுத்த சுற்றில் அவரையே எதிர்த்து ஓட்ட வேண்டும் என்பதை யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை.

முதல் சுற்றில் மூன்று வண்டிகள். பக்கத்துத் தடத்து வண்டி எங்களுடையதைவிட வேகம். இரண்டாவது மேட்டில் அது பறந்து வெளியே போய்விட்டது. டட்சன் மேட்டில் ஏறியது, காற்றில் போனது, மூட்டைகள் எழும்பி விழுந்தன, ‘தட்’ என்று உட்கார்ந்து ஓடியது. அப்பாவின் காதருகே மருமகன் நேர்முக வர்ணனை செய்துகொண்டிருந்தான். அத்தையின் தொழிலுக்கு ஆள் தயாராகிறது.

அந்தச் சுற்றில் முதலாவதாக வந்தோம். அடுத்த சுற்றில், பதின்மூன்று வயதுக்கு மேல் சொல்ல முடியாத ஒரு சீனச் சிறுமியின் வண்டியிடம் அரைச் சுற்று வித்தியாசத்தில் தோற்றோம். அந்தப் பிள்ளை வந்து சுமைத்தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, மலாயில் “உள்ளே என்ன?” என்று கேட்டாள். “பெராஸ்” என்றார் அப்பா. அரிசி. அவள் நம்பவில்லை, தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

இந்த வேலைக்குப் பெரிய செலவு தேவையில்லை. ஒரு தொகுப்புப் பெட்டி, சின்னத் திருப்புளி, கத்தி, தேய்ப்புத் தாள் போதும். ஆனால் உதிரிகளின் உலகத்தில் பணம் தண்ணீராய் ஓடும். மாதம் இவ்வளவுதான் என்று முதலிலேயே ஒரு தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் நூறு ரிங்கிட் என்று வைத்திருக்கிறோம். கத்தியையும் பசையையும் பிள்ளைகளிடம் தனியாக விடாதீர்கள். பல்சக்கர விகிதம், எடை, உராய்வு என்று அறிவியல் பாடத்தில் வரும் சொற்களெல்லாம் கையில் பிடிபடும்போது பிள்ளை கேட்கும் கேள்விகளுக்கு மட்டும் தயாராக இருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டிலும் ஒரு வண்டி இருந்திருக்கும். தாத்தாவின் மோரிஸ் மைனர், அப்பாவின் ஹோண்டா கப், மாமாவின் பால்மரத் தோட்டத்து லோரி, ஏதோ ஒன்று. படம் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். அதை ஓட்டியவர் இன்னும் வீட்டில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். என்ன மாடல், என்ன நிறம் என்று ஆரம்பிக்காதீர்கள். பாரம் இல்லாதபோது அது எப்படி ஓடும் என்று கேட்டுப் பாருங்கள்.